நீ தொடாமல் விட்ட கழுத்து

அக்கா, இன்று காலை மதகடிப்பட்டு சலூனில் முடி வெட்டி முடித்தவர் என் தலையை இரண்டு கையாலும் பிடித்தார். "நெட்டி எடுத்து வுடறேன் சார், ஜம்முனு இருக்கும்." போர்த்திய துணியோடு நாற்காலியிலிருந்து குதித்து வாசலுக்கு ஓடிவிட்டேன். அங்கே நின்று உன்னை நினைத்துச் சிரித்தேன்.

இரட்டைப் பிள்ளை பெற்றவள் கையால் நீவி வழித்தால் சுளுக்கு ஓடிவிடும் என்று ஊரே நம்பியது. ஒதியம்பட்டில் அந்தக் கை உன்னுடையது. கழுத்து பிடித்துக்கொண்டவனெல்லாம் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு உன் வாசலில் நிற்பான். அதில் உனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறுக்காதே.

வைக்கோல் வண்டியின் உச்சியிலிருந்து நான் தலைகுப்புற விழுந்த அன்றும் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். கழுத்து கோணிக்கொண்டது. கை கால் இருப்பதே தெரியவில்லை. இருபத்திரண்டு வயதில் இனி நடக்கவே மாட்டேனோ என்று பயந்து செத்தேன். நீ என் உள்ளங்காலை நறுக்கென்று கிள்ளி, "வலிக்குதாடா?" என்றாய்.

"எங்க, அக்கா?" என்றேன். உன் முகம் மாறிவிட்டது.

"நான் வழிக்க மாட்டேன். யாரும் கழுத்துல கை வெக்காதீங்க."

"ரெட்டப் புள்ள பெத்த நீயே இப்டி சொன்னா எப்டிம்மா?" என்று அப்பா கத்தினார்.

"சுளுக்குன்னா வழிப்பேன். இது சுளுக்கு இல்ல. எங்க வூட்டுக் கதவக் கழட்டுங்கபா!"

அந்தக் கதவில் என்னைக் கிடத்திக் கட்டி, லாரியில் ஏற்றினார்கள். கை வைக்காதே என்ற நீதான் புதுச்சேரி ஆஸ்பத்திரி வரை என் தலையை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு வந்தாய்.

கழுத்தெலும்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறி நழுவியிருக்கிறது என்றார் டாக்டர். "யாராவது உருவியிருந்தா இன்னேரம் ஆளே இல்ல." காதுக்கு மேலே மண்டையின் இரு பக்கமும் இடுக்கி மாட்டி, கயிற்றில் எடை தொங்கவிட்டு, எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இடத்தில் உட்காரவைத்தார்கள். வாரக்கணக்கில் மல்லாந்தே கிடந்தேன். ஞாயிறுதோறும் வருவாய். "இன்னாடா, மூக்கணாங்கயித்த மண்டையில மாட்டிட்டாங்க?" என்பாய். வார்டே சிரிக்கும். கிளம்பும் முன் காலைக் கிள்ளிப் பார்ப்பாய். நான்காவது ஞாயிறு "ஐயோ!" என்று கத்தினேன். நீ நர்சைக் கட்டிக்கொண்டு அழுதாய்.

இருபது வருஷமாகியும் கழுத்து இடப்பக்கம் முழுதாகத் திரும்பாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புகிறேன். என் பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை.

போன மாசியில் உன்னைப் பாடையில் தூக்கும்போது உன் இரட்டையர் இருவரும், "மாமா, உன் கழுத்துக்கு ஆவாது, நவுரு" என்று தடுத்தார்கள். "போங்கடா" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் தோள் கொடுத்தேன். ஆற்றங்கரை வரை ஆள் மாற்றிக்கொள்ளாமல் என் காலாலேயே நடந்தேன், அக்கா.