சுக்கான் வைத்த விமானம்

நேற்று மத்தியானம் உன் தம்பி பட்டறைக்கு வந்து ஒரு பிஸ்கட் டப்பாவை என் முன்னால் வைத்தான். பெரிய சதுர டப்பா, கொழும்புச் சரக்கு. "காக்கா சாமான்ல இருந்துச்சுண்ணே. உம்மா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாக" என்றான். அவனுக்குக் காக்கா, அண்ணன், நீதானே. மூடியைத் திறந்ததும் பழைய வச்சிரப் பசையின் வாடை முகத்தில் அடித்தது. உள்ளே, இறக்கையைத் தனியாகக் கழற்றி வைத்தபடி, நம் விமானம்.

நீ போய்விட்ட செய்தி போன மாதமே வந்தது. காய்ச்சலில் விழுந்தாய், கொழும்பிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்றார்கள். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. போனவனைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்று எங்கள் சாமியார்கூடச் சொல்லுவார். நான் பேசத்தான் போகிறேன். இருக்கிறபோது நீ உட்கார்ந்து கேட்கவில்லையே.

நமக்குப் பதினாறு வயது. வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். கொழும்புப் பக்கம் விமானத் தளத்தில் மெக்கானிக்காக இருந்த உன் மாமா பாம்பனுக்கு வந்தபோது பொம்மை விமானம் செய்கிற சாமான் அடங்கிய ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே வலை மிதவையைவிட லேசான மரத்தில் குச்சிகளும் வில்லைகளும், வெங்காயத் தோல் போன்ற தாள், ஒரு சின்ன விசிறி, ரப்பர். செய்முறைத் தாளை மாமா எடுத்து வைத்துக்கொண்டார். மூடியில் இருந்த படத்தையும் கிழித்துவிட்டார். "பாத்துச் செய்யிறது எவனும் செய்வான். பாக்காமச் செய்யுங்க. ரம்ஜான் முடிஞ்சு வாரேன். எவன் கை நல்லாருக்கோ அவன என்கூட வேலைக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒருத்தனுக்குத்தான் எடம் இருக்கு" என்றார்.

ஒருத்தனுக்கு. அதைக் கேட்ட ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். உனக்கு வாப்பாவின் கருவாட்டு வியாபாரம் இருந்தது. எனக்கு அய்யாவின் வள்ளமும், அதில் எனக்கு முன்னால் ஏறிக்கொண்ட மூன்று அண்ணன்மாரும் இருந்தார்கள். கடலுக்குப் போனால் எனக்குக் குடலே வெளியே வந்துவிடும். பரவன் மகனுக்கு வாந்தி வருகிறது என்று வெளியே சொல்ல முடியுமா? உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அதனால்தான் நீ அப்படிச் சொன்னாய் என்று நம்பினேன். "சேந்தே செய்வோம்லே சூசை. யாரு எதச் செஞ்சதுன்னு மாமாட்ட அப்படியே சொல்லிருவோம். அவரு யாரக் கூப்பிடுறாரோ அவன் போவான்." இதைச் சொல்லி என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாய்.

உங்கள் கருவாட்டுக் கிட்டங்கியில், மூட்டைகளுக்கு நடுவே பாயை விரித்து உட்கார்ந்தோம். காற்று வந்தால் வில்லைகள் பறக்கும் என்று கதவைச் சாத்தி, அந்த நாற்றத்தில் வேர்த்து ஒழுகினோம். எது எங்கே போகும் என்று ஒன்றும் விளங்கவில்லை. வில்லைகளைப் பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கிப் பார்த்தபோது எனக்கு வள்ளத்தின் வங்குகள் ஞாபகம் வந்தன. அடிக்கட்டையில் விலா எலும்பு மாதிரி வரிசையாக நிற்குமே, அவைதான். "இது வள்ளந்தாம்லே, கவுத்துப் போட்ட வள்ளம்" என்றேன். நீ துள்ளிக் குதித்தாய். அதற்குப் பிறகு வேலை ஓடியது. பெட்டியில் வந்த பசை தீர்ந்ததும் வள்ளம் கட்டுகிற ஓடாவியிடம் வச்சிரம் வாங்கிக் காய்ச்சினோம்.

தாள் ஒட்டியதுதான் பெரிய கூத்து. ஒட்டி முடித்துப் பார்த்தால் கிழவி கன்னம் மாதிரி தொங்கியது. கயிறு நனைந்தால் இறுகும் என்பது எங்கள் வீட்டில் நண்டு சிண்டுக்கும் தெரியும். வாய் நிறையத் தண்ணீர் எடுத்து இறக்கை மேல் ஊதினேன். "ஏலே கெடுத்துட்டியேடா!" என்று நீ என் முதுகில் குத்திய குத்து இப்போதும் வலிக்கிறது. மறுநாள் கதவைத் திறந்தால் தாள் தப்பட்டை மாதிரி விறைத்து நின்றது. நீ அதைச் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாய். உன் உம்மா அன்றைக்கு நம் இருவருக்கும் வட்டிலப்பம் கொடுத்தார்கள். தாளை இறுக்கியது நான் என்று கேட்டு, எனக்கு ஒரு துண்டு அதிகம்.

கடைசியில் மிஞ்சியது வால். ஒரு விரல் நீளத்தில், செங்குத்தாக நிற்க வேண்டிய சின்னப் பலகை. மேலே வைப்பதா, அடியில் வைப்பதா? யுத்த காலத்தில் மண்டபம் பக்கம் எத்தனையோ விமானம் போயிருக்கிறது. நாம் பார்த்ததெல்லாம் கீழேயிருந்து, அதன் வயிற்றை மட்டும்தான். "திருப்புறதுன்னா சுக்கான். சுக்கான் அடியிலதானே இருக்கும்" என்றேன். "அதான, மேல வச்சா எதப் புடிச்சுத் திரும்பும்?" என்று நீயும் சொன்னாய். நான் பிடித்துக்கொண்டேன், பசை வைத்தது நீ. இதை ஞாபகம் வைத்துக்கொள். பசை வைத்தது நீ.

"மாமா ஞாயித்துக்கெழம மத்தியானம் வாராரு. நீ பூசை முடிச்சு, சாப்புட்டு, நெதானமா வா" என்று சொல்லியனுப்பினாய். எனக்கு நிதானம் ஏது? பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையோடு ஓடிவந்தேன். மாமா காலை ரயிலிலேயே வந்திருந்தார். அவர் எந்த ரயிலில் வருவார் என்பது உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

வாசல்படியில் செருப்பைக் கழற்றும்போதே அவர் குரல் கேட்டது. "தாள எப்புடிடா இம்புட்டு இழுப்பா ஒட்டுன?"

"தண்ணி ஊதுனேன் மாமா. நனைஞ்சா இறுகும்ல."

பிறகு அவர் சிரிப்பு. "அது சரி, இது என்னடா, கப்பலாட்டம் சுக்கானக் கொண்டுபோயி அடியில வச்சிருக்க?"

"அது நான் வைக்கல மாமா. அந்தச் சூசைப் பய வச்சது. வேணாம்னுதான் சொன்னேன். மத்ததெல்லாம் நாந்தான்."

நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். முகம் வெளுத்தது, ஆனால் வாய் நிற்கவில்லை. "வாலே, வா, சாப்புடு" என்றாய். மாமா திரும்பி, "நீதானா அந்தச் சுக்கான்காரன்?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அறை முழுக்கச் சிரித்தது. உன் உம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்திருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? வால் நான் சொல்லித்தான் அடியில் வந்தது, அது உண்மைதானே. நீ ஒரே ஒரு பாதி உண்மையைச் சொல்லி மீதி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாய்.

நீ மாமாவோடு கப்பல் ஏறிய வாரம் நான் வள்ளம் ஏறினேன். வருஷக் கணக்காக வாந்தி எடுத்தேன். விசைப்படகு வந்தபிறகுதான் எஞ்சின் வேலை கற்றுக் கரையேறினேன். உன் மாமா வைத்த பேர் மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் எஞ்சின் நின்றுபோனால் "சுக்கானக் கூப்புடு" என்றுதான் ஆள் விடுகிறார்கள். ஏன் அந்தப் பேர் என்று புதுசாக வந்தவர்கள் கேட்பார்கள், நல்லாப் படகு திருப்புவேன் என்று சொல்லிவைப்பேன்.

இடையில் ஒருமுறை நீ வந்தாய். கையில் கடிகாரம், எனக்கு வாசனைச் சோப்பு. பட்டறை வாசலில் நின்று, "என்னலே சுக்கான், சொகமா?" என்றாய். மற்றவர்கள் கூப்பிடலாம். நீ எப்படிடா கூப்பிட்டாய்? நீ கொடுத்த அந்தச் சோப்பில் எஞ்சின் கரியைக் கழுவினேன்.

நேற்று உன் தம்பி கிளம்பும்போது சொன்னான்: "காக்கா இத எல்லார்ட்டயும் காட்டுவாக. பதினாறு வயசுல தனியாச் செஞ்சதுன்னு." பாவம், சின்னவன். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அவன் போனபிறகு விமானத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். வால் மேலே இருந்தது, முறைப்படி, நேராக, நல்ல பசையில் ஒட்டியிருந்தாய். அடியில் பழைய வச்சிரம் காய்ந்த தழும்பு மட்டும். எனக்கென்று நீ விட்டுவைத்தது அடியில் இருந்த அந்த வால் ஒன்றுதான். அதையும் பெயர்த்துவிட்டாயே என்று நினைத்தபோதுதான், போன மாதம் வராத அழுகை வந்தது. உனக்காக வந்ததா, எனக்காக வந்ததா என்று தெரியவில்லை.

உன் உம்மா ஏன் இதை என்னிடம் அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் போய் அவர்களைப் பார்க்க வேண்டும்.

இன்றைக்குக் காலையில் வச்சிரம் காய்ச்சினேன். பட்டறை முழுக்க அதே நாற்றம். நீ மேலே ஒட்டியிருந்த வாலைக் கத்தி முனையால் மெதுவாகப் பெயர்த்து, அந்தத் தழும்பின் மேலேயே, அடியில் வைத்து ஒட்டினேன். பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. பசை வைத்ததும் நான்தான், பிடித்ததும் நான்தான். தப்பு என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அது நாம் ரெண்டு பேரும் சேர்ந்து செய்த தப்பு. அதை என் ஒருத்தன் தலையில் வைத்துவிட்டு நீ கப்பல் ஏறினாய். நான் இன்னும் இறக்கி வைக்கவில்லை.