ஓடுகிற காரைப் பிரித்த கதை

ஓசூர்

அன்புள்ள சகாயமேரி,

உன் முட்டிவலி குறைந்ததா? நான் நலம். "ஏங்க, நல்லா ஓடற காரை எதுக்குப் பிரிக்கணும்?" என்று போன மாதம் கேட்டாயே, அதற்கு நேற்றுதான் பதில் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு உன்னை இங்கே அழைத்துவர சிங்காரப்பேட்டைக்கு வருகிறேன் அல்லவா? அதற்கு முன் மெக்கானிக் மஞ்சுநாத்திடம் காரைக் காட்டினேன். எஞ்சினிலிருந்து டைமிங் பெல்ட் என்கிற, பல் வைத்த ரப்பர் பட்டையைக் கழற்றினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வளைத்ததும் பல்லுக்குப் பல் வெடிப்பு.

"ரிட்டயர் ஆகவேண்டிய பெல்ட்டு சார் இது. உங்கள மாதிரியே இன்னும் வேலைக்கு வந்துட்டிருக்கு!" என்று சிரித்தார்.

எஞ்சினுக்குள் எது எப்போது அசையவேண்டும் என்று நேரம் பிரித்துக் கொடுப்பது அந்த பெல்ட்தான், பள்ளிக்கூட மணி மாதிரி. மணி தவறினால் வெளியே வரும் வகுப்பும் உள்ளே போகும் வகுப்பும் வாசலில் முட்டிக்கொள்ளும். பெல்ட் அறுந்தால் எஞ்சினுக்குள்ளும் அதே கதைதான், பாகங்கள் ஒன்றோடொன்று முட்டி உடைந்துவிடும். நெடுஞ்சாலையில், நீ பக்கத்தில் இருக்கும்போது அறுந்திருந்தால்? நல்லவேளை, தப்பித்தோம். பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் புதிதாக மாற்றியாயிற்று. இனி பயமில்லை.

மாங்காய்த் தொக்கு கொஞ்சம் எடுத்து வை. இங்கே ஒரே ஒரு தட்டும் தம்ளரும்தான், உன்னுடையதையும் மறக்காதே.

பையன்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கப் போகவேண்டும், கம்பெனி பஸ் வந்துவிட்டது. உன் கேள்விக்கு முழுப் பதில் வேண்டுமானால், சமையலறை ஆணியில் தொங்கும் பழைய ரப்பர் பேண்ட் ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் வளைத்துப் பார்.

உன்
அருளப்பன்