கூப்பிட்டால் கேட்கும் தூரம்

வண்டிப்பெரியார்,
1934 ஆகஸ்டு.

அன்பு மகள் கத்தரீனாளுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் அடைக்கலத்தில் நானும் உன் அம்மாளும் சுகம். கம்பத்தில் நீயும் அத்தையும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம்.

இங்கே மழை விடவில்லை. அம்மாளுக்கு இருமல் குறைந்திருக்கிறது. உன் வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை.

அப்பீல் தீர்ப்பாகிவிட்டது, தாயி. பிறர் வாயால் நீ கேட்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். உன்னைக் கெடுத்த கங்காணி சந்தனத்துக்குக் கீழ்க்கோர்ட் போட்ட தண்டனையை மேல்கோர்ட் தள்ளிவிட்டது. அவன் விடுதலையாகி வந்துவிட்டான்.

நான் கோர்ட்டில் பின்னால் நின்று எல்லாம் கேட்டேன். உடம்பில் காயமில்லை, வளையல் உடையவில்லை, ஓடைக்கரையிலிருந்து ஆட்கள் குடியிருக்கும் லயம் கூப்பிட்டால் கேட்கும் தூரம், அப்படியிருந்தும் பெண் சத்தம் போடவில்லை, ஆகவே இஷ்டப்பட்டுத்தான் இருந்தாள் என்றார் அவன் வக்கீல். அவன் கையில் கவாத்துக் கத்தி இருந்தது, எனக்கு வாய் எழும்பவில்லை என்று நீ சொன்னதையும் வாசித்தார்கள். அந்தக் கத்தியைப் பார்த்தது நீ ஒருத்திதானே என்றார் அந்த வக்கீல். நீ பொய் சொன்னதாக ஜட்ஜி சொல்லவில்லை. உன் சம்மதமில்லாமல் நடந்தது என்பது சந்தேகமில்லாமல் ருசுவாகவில்லை என்று மட்டும் சொன்னார்.

கூப்பிட்டால் கேட்கும் தூரம் என்ற அந்தப் பேச்சு என்னை விடவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாளை லயத்து வாசலில் நிறுத்திவிட்டு ஓடைக்கரைக்குப் போனேன். உன் பேரைச் சொல்லி, தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். திரும்பி வந்தால், "எப்பக் கூப்பிடப் போறீக? நான் நின்னுக்கிட்டேதான இருக்கேன்" என்கிறாள் உன் அம்மாள்.

அதன்பின் அவள் ஓடைப்பக்கம் பார்த்து உட்காருவதில்லை. எனக்கோ, நீ கூப்பிடுவதாகவே காதில் விழுகிறது. நீ கூப்பிடவில்லை, உன்னால் முடியவில்லை என்பது தெரியும். தெரிந்தும் எழுந்து வெளியே போய்ப் பார்க்கிறேன்.

திங்கள்கிழமை சந்தனம் பழையபடி பெரட்டுக்களத்தில் நின்று பெண்களை வேலைக்குக் கூப்பிட்டான். ஒருத்தியும் கூடையைத் தூக்கவில்லை. உனக்காகச் சாட்சி சொல்லப் பயந்தாளே குருவம்மாள், அவள்தான் துரைக்கு முன்னால் போய், "இந்தாளு பின்னாடி நாங்க தேயிலைக் காட்டுக்குப் போகமாட்டோம் தொரை, கூலி இல்லேன்னாலும் சரி" என்றாள். ஏன் என்று துரை கேட்டார். அவள் மழைக்குப் போட்டிருந்த சாக்கை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் அப்படியே மூடிக்கொண்டார்கள். துரை மேற்கொண்டு கேட்கவில்லை. கொழுந்து முற்றிவிடும் என்ற பயமோ என்னவோ, அன்று சாயங்காலமே அவனை எஸ்டேட்டை விட்டு அனுப்பிவிட்டார்.

அந்த இரண்டு பேர் யார் என்று எழுதமாட்டேன். அவர்களைக் கண்டால் நான் தலை குனிந்து போகிறேன்.

நீ யாரோடும் பேசுவதில்லை, எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறாய் என்று அத்தை எழுதியிருக்கிறாள். எங்களிடம் நீ எதையும் ருசுப்படுத்த வேண்டியதில்லை, தாயி. இங்கே வர மனமில்லாவிட்டால் நாங்கள் மலையிறங்கி உன்னிடம் வந்துவிடுகிறோம். ராத்திரியில் மாதா உன் பக்கத்தில் இருப்பாளாக. பசித்தால் அத்தையிடம் சோறு கேள். வாய் திறந்து கேள்.

உன் அப்பா,
சிலுவைராஜ்.