உயிரோடு இருப்பவனுக்கு ஒரு பூசை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1935 நவம்பர் 12

அன்புள்ள மகன் சிரிலுக்கு,

மாதா உன்னைச் சுகமாக வைத்திருப்பாள் என்று நம்பி அம்மா எழுதுகிறேன். நான் நலமா என்று மட்டும் கேட்காதே. உன் அப்பாவோடு ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்துவிட்டு அப்புறம் கேள்.

அப்பாவின் மறதியைச் சோதித்துப் பார்க்க நீ அனுப்பிய கேள்விகள் வந்து சேர்ந்தன. போன தடவை அனுப்பியது போதாதென்று இப்போது புதிதாக வேறு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல் என்று எழுதியிருந்தாய். சொன்னேன். 'எதுக்குக் கழிக்கணும்? யாருக்கு என்ன கொறஞ்சு போச்சு?' என்றார். நானே கழித்துப் பார்த்தேன், எண்பத்தாறோடு நின்றுவிட்டது. என் மூளையையும் சேர்த்துக் குறித்துக்கொள். சீப்பு, சாவி, எலுமிச்சம்பழம் இவற்றைக் காட்டி, பிறகு மூடி வைத்துக் கேட்கச் சொன்னாய். மூடுவதற்கு முன்பே சாவியை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்று முழுவதும் அலமாரியைத் திறக்க முடியாமல் திண்டாடினேன். நாட்டை ஆளும் ராஜா யார் என்று கேட்டதற்கு, 'இதுகூடத் தெரியாமத்தான் இத்தனை வருஷம் இங்க குடியிருக்கியா?' என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது.

இங்கே மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் வயதானவர்கள் இறந்தபின் அவர்களுடைய மூளையை மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றிப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறோம், கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் தெரிகின்றன, மறதிக்கு அதுதான் காரணமா என்று தேடுகிறோம் என்று எழுதியிருந்தாய். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதற்கு மருந்து கிடையாது என்றும் நீயே எழுதிவிட்டு, எது முதலில் மறக்கிறது, எது பிற்பாடு மறக்கிறது என்று தினமும் கவனித்து எழுது என்கிறாயே, எனக்கு வேறு வேலையே இல்லையா? அவர் ரயில்வேயில் கார்டு வேலையை விட்டு வருஷக்கணக்காகிறது. இன்னும் ஸ்டேஷனில் விசில் ஊதினால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடுகிறார். பின்னால் ஓடுவது நீயோ உன் பேராசிரியரோ இல்லை.

இப்போது நடந்திருப்பதைக் கேள். இது ஆத்துமாக்களின் மாதம். தாத்தா, பாட்டி, கைக்குழந்தையாகவே போய்விட்ட உன் தங்கை, இவர்கள் பெயரை மரித்தவர்களுக்கான பூசையில் வாசிக்கச் சொல்லிச் சாமியாரிடம் கொடுக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல். அப்பா தானே போய்ச் சொல்லிவிட்டு வருவதாக அடம் பிடித்தார். கோயில் தெருமுனையில்தானே என்று விட்டுவிட்டேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். போனவர் உன் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். சாமியார் நம் கோயிலுக்குப் புதியவர், பாவம், அவருக்கு என்ன தெரியும்? மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மரித்தவர்களின் வரிசையில், இக்னேஷியஸின் மகன் சிரில் என்று கணீரென்று வாசித்துவிட்டார். முன்வரிசையில் உன் அப்பா தேம்பித் தேம்பி அழுதாராம். அதைப் பார்த்தபின் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

பூசை முடிந்த கையோடு வீடு நிறைந்துவிட்டது. துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாதே என்று கெர்ட்ரூட் அக்கா ஒரு பானை கஞ்சியோடு வந்தாள். பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, 'டாக்டராகி வருவேன்னு பாத்தோமே ராசா' என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். உன்னோடு படித்த ஜெயராஜ் கறுப்புத் துணி கொண்டுவந்து அப்பாவின் கையில் கட்டிவிட்டான். என் மகன் மெட்ராஸில் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறான், இப்போதுதான் கடிதம் வந்தது என்று நான் காய்ச்சலோடு எழுந்து கத்துகிறேன். துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று என் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள்! உன் கடிதத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். அவ்வளவு அழுததும் வீணாகிவிட்டதே என்று பவுனம்மாளுக்குக் கோபம் வேறு. உன் அப்பாவோ வந்தவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து உட்காரவைத்தார். ஒரு பெயர்கூடத் தவறவில்லை. இதற்குப் பூதக்கண்ணாடி என்ன சொல்கிறது?

எல்லாரும் போனபின் அவரைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். 'மெட்ராஸ்லேருந்து கப்பல் வராமலா இருக்கு? உசுரோட இருக்கிற புள்ள நாலு கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வராம இருப்பானா? நீ எங்கிட்ட மறைக்கிற, மகதலேனா' என்றார். மகனே, இதில் எங்கே மறதி இருக்கிறது?

அன்றிலிருந்து தினமும் ஜெபமாலை முடிந்ததும், மரித்தவர்களுக்காக வேண்டும்போது உன் பெயரையும் சொல்கிறார். நான் நிறுத்தி, அவன் உயிரோடு இருக்கிறான் என்பேன். உடனே அவர் முகம் மலர்ந்துவிடும். 'அப்படியா? எப்ப வரான்?' என்பார். பரீட்சை, ஆராய்ச்சி, அடுத்த வருஷம் என்று நீ எழுதுவதையே நானும் ஒப்பிப்பேன். அவர் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார், நீ வந்துவிடட்டும் என்பார். மறுநாள் நீ மறுபடியும் செத்துப்போவாய். ஆனால் நீ செத்துப்போனதாக நம்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் அழுதார், பிறகு சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்.

நேற்று எனக்குச் சலித்துவிட்டது, சிரில். உன் பெயரைச் சொல்லிவிட்டு என் பதிலுக்காக நின்றார். நான் மறுத்துப் பேசவில்லை. நித்திய இளைப்பாற்றி கிடைக்கட்டும் என்று, செத்தவர்களுக்குச் சொல்லும் பதிலைப் பெற்றவளின் வாயாலேயே சொல்லிவிட்டேன். அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். நான் என் தட்டை அப்படியே மூடி வைத்தேன்.

இனிமேல் கேள்வி எதுவும் அனுப்பாதே. மாதா துணையிருந்து, நீ வீட்டுக்கு வரும் வழியில் கடலில் உனக்கு ஒரு தீங்கும் வராமல் காப்பாளாக. உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தமிடுகிறேன். இன்று சாயங்காலமும் ஜெபம் உண்டு, நாளைக்கும் உண்டு. என்னை இன்னும் எத்தனை தடவை அப்படிச் சொல்லவைக்கப் போகிறாய்?

உன் அம்மா,
மகதலேனா