மூன்றாவது வாஷர்

ஞாயிறு, ஆவணி 15

எதிர் குவார்ட்டர்ஸ் ராமசாமி ஐயாவின் பேட்டரி சக்கர நாற்காலியை இன்று மாரிமுத்து சரிசெய்தான். நானும் கூட இருந்தேன். நாங்கள் இருவரும் ஒரே நாளில் ஆலையில் கான்ட்ராக்டில் சேர்ந்தவர்கள். அவன் பெர்மனென்ட் ஆகிவிட்டான், நான் இன்னும் ஆகவில்லை.

டிசி மோட்டாரின் கியரைக் கழற்றியபோது எனக்குத்தான் கை துறுதுறுத்தது. நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி மூன்று சின்னவை. வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டி, பாரத்தையும் மூன்றும் பங்கிட்டுக்கொள்வதால்தான் அவ்வளவு சின்ன மோட்டார் ஓர் ஆளையே மேட்டில் ஏற்றுகிறது. இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

மூடி முடுக்கி, ஆளை உட்காரவைக்காமலே ஓட்டிக் காட்டினான். சத்தமே இல்லை.

"மாரி கைய வச்சான்னா அப்புறம் பேச்சே இல்ல," என்றார் ஐயா. அவர் மகள் காபியை முதலில் அவனிடம் நீட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் எடுத்துக்குங்கண்ணா," என்றாள்.

கிரீஸ் துணியை உதறினேன். ஒரு வாஷர் விழுந்தது. மூன்று சக்கரங்களுக்கும் அடியில் ஒவ்வொன்று இருக்க வேண்டும். அவன் இரண்டுதான் போட்டிருக்கிறான். ஆள் உட்கார்ந்து ஓட்டினால் அந்தச் சக்கரம் உரசிச் சூடாகும், மேட்டில் இறுகி நின்றுவிடும். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாரிக்குப் போனில் சொன்னால் விடிந்ததும் போட்டுவிடுவான். யாருக்கும் தெரியாது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண் பார்க்க நான் அதை எடுத்து நீட்ட வேண்டும்.

ஐயா நாளைக் காலை ஏழு மணிக்கு மேட்டு வழியாகக் கடைத்தெருவுக்குக் கிளம்புவார். எனக்கு முதல் ஷிப்ட், ஆறு மணிக்கே ஆலைக்குள் இருக்க வேண்டும். எதிர் வீட்டில் இப்போது விளக்கணைத்துவிட்டார்கள்; காலையில் நான் கிளம்பும் நேரம் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.