சாம்பல் நிற வலை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், முக்கியமாக நீ, ஏனென்றால் இன்று நான் திட்டப்போவதை வாங்கிக்கொள்ள உடம்பில் தெம்பு வேண்டும். போனில் பேசினால் "அம்மா, ஒரு நிமிஷம், நான் சொல்றத கேளு" என்று நடுவில் புகுந்து என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுதியதைப் படம் பிடித்து அனுப்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் வயரிங் வேலைக்குக் கூப்பிட்டால் ஓடுகிறார். அண்ணன் குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது, வீட்டில் ஒரு பொருளும் இருந்த இடத்தில் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே பூங்காவில் நீ செய்து நிறுத்தியிருக்கிறாயே, வெடித்த விதைக்காய் மாதிரி அந்த இரும்புச் சிலை, அதை நான் எப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன் என்பது உனக்கே தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தையல் வேலைக்குப் போகும்போதெல்லாம் அங்கே நின்று, 'எல்லா உயிர்களுக்கும் திறந்த வீடு' என்று நீ எழுதி வைத்த பலகையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் போவேன். கூட வேலை செய்பவர்கள் என்னைக் கேலி செய்வார்கள், செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். அதன் பொந்துகளில் மைனாக்கள் கூடு கட்டியிருக்கின்றன என்று நான் சொன்ன அன்று நீ போனிலேயே அழுதாய், "இப்பதாம்மா என் வேலை முடிஞ்சுது" என்றாய். அது பொய்யா என்று இப்போது கேட்கிறேன்.

இன்று காலையில் போய்ப் பார்த்தால் பொந்து பொந்தாகக் கம்பிவலை அடித்திருக்கிறார்கள். தாய் மைனா வாயில் புழுவை வைத்துக்கொண்டு சிலையைச் சுற்றிச் சுற்றி வருகிறது, உள்ளே குஞ்சுகள் கத்துகின்றன. நேரே பூங்கா மேற்பார்வையாளரிடம் போய் வாய்க்கு வந்தபடி கத்தினேன், என் மகளுக்குத் தெரிந்தால் உங்களைச் சும்மா விடமாட்டாள் என்றேன். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோவப்படாதீங்கம்மா, உங்க பொண்ணுகிட்ட கேட்டுட்டுதான் போட்டோம்" என்றார். நான் நம்பவில்லை. அவர் தன் போனில் உன் குரலைப் போட்டுக் காட்டினார். சிலைக்குப் பரிசு குடுக்குற குழு பாக்க வருது, எச்சம் வழிஞ்சு கறையா இருந்தா நல்லா இருக்காது, வலை போட்டுடுங்க, சாம்பல் நிறத்துல போடுங்க, அப்பதான் தூரத்துலேர்ந்து தெரியாது என்று நீதான் சொல்கிறாய், என் வயிற்றில் பிறந்தவள்தான் சொல்கிறாய். வலையின் நிறம் வரைக்கும் யோசிக்கத் தெரிந்தவளுக்கு, உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லையா? கூடு கட்டியிருப்பது உனக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாதே, நான்தானே சொன்னேன். அங்கே நின்ற அத்தனை பேர் முன்னால் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். மனிதர் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு, "பெரிய ஏணியா, சின்ன ஏணியா?" என்று மட்டும் கேட்டார். அந்த முழங்காலோடு அவரை ஏறவிடாமல் நானே ஏறினேன், அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள், ஒரு டிரைவர் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார், பாராட்டினாரா கேலி செய்தாரா தெரியவில்லை. ஒவ்வொரு வலையாக வெட்டினேன். மேல் பொந்தில் இருந்தவை என் விரலைத் தாய் என்று நினைத்து வாயைத் திறந்தன. கீழ்ப் பொந்தில் சத்தமே இல்லை. அங்கே பார்த்ததை எழுத எனக்குக் கை வரவில்லை, நீயே புரிந்துகொள்.

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது, மேலே இருப்பவர்களுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். நாளைக் காலை பரிசுக் குழு வருவதற்குள் திரும்ப வலை அடித்தாக வேண்டுமாம். "செஞ்சவங்களே வேணாம்னு சொன்னா நான் ஏன் அடிக்கப்போறேன்" என்றும் சொன்னார். அப்பா இப்போது அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், யாரையும் கிட்டே விடவில்லை. எத்தனை நேரம் அப்படி உட்கார முடியும் அவரால்?

பரிசு வந்தால் எனக்கும் சந்தோஷம்தான், வராவிட்டாலும் நீ என் மகள்தான். ஆனால் அந்தப் பலகையை இனி என் கையால் துடைப்பேனா என்பது உன் வாயில் இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொண்டு போ, நல்லபடியாக நீண்ட நாள் வாழ வேண்டும் நீ. இதைப் படித்ததும் எனக்குக் கூப்பிடாதே, நான் எடுக்க மாட்டேன். முதலில் அந்த மனிதரைக் கூப்பிட்டு வலை வேண்டாம் என்று சொல். அவர் வந்து அப்பாவிடம் சொல்லி, அப்பா நாற்காலியை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு கூப்பிடு, பேசுகிறேன்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா