பழைய பெட்டி தாங்கியது

கற்பிட்டி
12.11.2013

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

மீனவர் சங்கத்துக்குப் புதுச் சேர்வர் கணினி வேண்டுமென்று எல்லோரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். நான் மூலையில் கிடந்த பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, கடலுக்குப் போய்வரும் படகுகளைப் பதியும் புரோகிராமை எழுதினேன்.

"தங்கச்சி, இந்தப் பழைய பெட்டி தாங்குமா?" என்றார் தலைவர் பஸ்தியான்.

"ஓம் ஐயா, ஒழுங்கா எழுதின புரோகிராமுக்கு இதுவே தாராளம்" என்றேன்.

வியாழக்கிழமை காற்று பலமாக அடித்தது. கரைக்கு வராத ஒரே படகை அந்தக் கணினிதான் காட்டியது. உடனே கடற்படைக்குச் சொன்னோம். அதிலிருந்த நால்வரும் உயிரோடு வந்தார்கள். பயப்பட வேண்டாம், நான் அலுவலகத்துக்குள்தான் இருந்தேன்.

நீங்கள் பனங்கிழங்கை அவித்துக் காயவைக்கும் புழுக்கொடியல் கொஞ்சம் அனுப்புங்கள். அங்கே வீட்டில் என் அறைக் கணினியை அணைக்க வேண்டாம். தினமும் இங்கிருந்து இணையம் வழியே அதைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். அது பதில் தரும்போது நீங்கள் அடுத்த அறையில் இருப்பதுபோல் இருக்கிறது.

சங்கத்தில் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
மதுசா